வாலறுந்த மூன்று புத்தகங்கள்

கடற்கரையில் உட்கார்ந்து படிக்க மூன்றே மூன்று புத்தகம் தேர்ந்தெடுக்க வேண்டும். சொன்னால் சிரிப்பீர்கள். இதில் என்ன கஷ்டம், கடைக்குப் போனோமா, கையில் பட்டதை எடுத்தோமா, வந்தோமா என்பீர்கள். என் மாமியாரோடு ஒரு வாரம் இருந்து பாருங்கள், அப்புறம் பேசுங்கள்.

அவருக்கு ஒரு பழக்கம். நான் எந்தக் கதைப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாலும், என் கண் அசந்த நேரம் பார்த்து அதை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்துவிடுவார். நான் முப்பது நாற்பது பக்கம் படித்து, யார் யாருக்கு என்ன உறவு என்று மனதுக்குள் அடுக்கி வைத்து, காலை நீட்டிச் சாய்ந்திருப்பேன் பாருங்கள், சரியாக அப்போது வெங்காயம் உரித்துக்கொண்டே, எனக்கென்ன என்கிற குரலில், "அந்தப் பல் டாக்டர்தான் கொன்னிருக்கான், பார்த்தா அப்படித் தெரியல இல்ல?" என்பார். போச்சு. கொன்றவன் யாரென்று தெரிந்த பிறகு மிச்சத்தைப் படிப்பதற்கு நான் டெலிபோன் டைரக்டரியைப் படிக்கலாம். புத்தகத்தைப் பட்டென்று மூடி அலமாரியின் மேல்தட்டில் எறிவேன். எறிந்ததைத் திரும்ப எடுக்க மாட்டேன். எனக்கும் ரோஷம் இருக்கிறது. அப்புறம் ஒரு மணி நேரம் சமையலறையில் எங்கள் இருவருக்கும் சண்டை நடக்கும்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு மர்ம நாவலைக்கூட நான் முடித்ததில்லை. நம்புங்கள். பல் டாக்டர், தையல்காரர், மாடியில் குடியிருந்தவர், பாங்க் காசாளர் என்று கொலைகாரர்கள் எல்லோரையும் எனக்குத் தெரியும். எதற்காகக் கொன்றார்கள் என்பதுதான் ஒருவர் விஷயத்திலும் தெரியாது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், நான் பிழைப்பதே புத்தகத்தில்தான். பைண்டிங் கூடத்தில் வேலை. அச்சாகி வரும் பெரிய தாளைப் பதினாறு பக்கமாக மடித்தால் அது ஒரு ஃபாரம். ஃபாரங்களை வரிசையாக அடுக்கித் தைத்து, பசை போட்டு, அட்டை ஒட்டி, மூன்று பக்கமும் வெட்டினால் புத்தகம். தைக்கப் போகும் முன் வரிசை சரிதானா என்று பார்ப்பது நான். ஒவ்வொரு ஃபாரத்தின் முதுகிலும் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் அந்தக் கோடுகள் படிக்கட்டு மாதிரி இறங்கும். ஒரு படி தவறினாலும் அந்தக் கட்டு என்னைத் தாண்டிப் போகாது. இத்தனை வருஷத்தில் போனதில்லை என்று கொஞ்சம் திமிராகவே சொல்லிக்கொள்வேன். ஆனால் கோட்டைப் பார்க்கத்தான் சம்பளம், கதையைப் படிக்க இல்லை. மிட்டாய்க் கடையில் வேலை, வாயில் பூட்டு. அதுதான் என் பிழைப்பு.

மெஷின்களைக் கழற்றிச் சரிபார்க்கப் போவதாகச் சொல்லி முதலாளி ஒரு வாரம் கூடத்துக்குப் பூட்டு என்றார். என் வீட்டுக்காரரும் லீவு எடுத்தார். கடலோரம் ஒரு வீட்டை ப்ரோக்கர் மூலமாக வாடகைக்குப் பிடித்தோம். அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன். இந்த லீவில் ஒரு புத்தகத்தை, ஒன்றே ஒன்றையாவது, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை நான் படித்து முடித்தாக வேண்டும். எனக்குக் கடல் வேண்டாம், காற்று வேண்டாம். முடிவு வேண்டும்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதில் இரண்டு எடையைப் பற்றி இருக்கும். பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

"மூணு புக்," என்றார். "அதுக்கு மேல ஓவர்லோடு."

"உங்கம்மா தலகாணி ரெண்டு எடுத்து வெச்சிருக்காங்களே, அது ஓவர்லோடு இல்லையா?"

அன்றைய நாலு வார்த்தை முடிந்துவிட்டது போல. பையைக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

மூன்று என்றால் மூன்றும் முத்தாக இருக்க வேண்டாமா? புத்தகக் கடைக்குப் போய், "பீச்சில படிக்கணும், ஜாலியா இருக்கணும்" என்றேன். கடைக்காரர் பளபளவென்று ஒரு தடித்த புத்தகத்தை நீட்டினார். வெற்றி பெற்றவர்கள் காலையில் எழுந்ததும் என்ன செய்கிறார்கள் என்பதாம். "படிச்சு முடிச்சீங்கன்னா நீங்க வேற ஆளா மாறிடுவீங்க மேடம்."

"லீவு முடிஞ்சு நான்தாங்க வேலைக்குப் போகணும். வேற ஆளை உள்ள விட மாட்டாங்க. வேற காட்டுங்க."

"இது பாருங்க. பரிசு வாங்கின நாவல்."

"இதுல என்ன ஆகும்?"

"ஒரு குடும்பம், வறுமை, கடைசில அந்த அம்மா செத்துடுவாங்க, படிச்சா மூணு நாள் தூக்கம் வராது."

தலையில் அடித்துக்கொண்டேன். இந்த மனுஷன் என் மாமியாருக்கு ஒன்றுவிட்ட தம்பியாக இருப்பாரோ? "நீங்க பேசாம உக்காருங்க, நானே எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அடுக்குகளுக்குள் நுழைந்தேன்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். முதல் இருபது பக்கத்துக்குள் யாராவது சாக வேண்டும், இல்லாவிட்டால் யாராவது யாரையாவது ஏமாற்ற வேண்டும். அழுகை ஒரு தடவைக்கு மேல் கூடாது. புத்தகம் எனக்குப் புத்தி சொல்லக் கூடாது, அதற்கு வீட்டில் ஆள் இருக்கிறது. எழுத்து கண்ணைக் குத்தக் கூடாது. மேலே மணல் விழுந்தால் ஐயோ என்று பதறுகிற விலையாக இருக்கக் கூடாது. இதைச் சொன்னால் பெரிய நிபந்தனையா? அரை நாள் ஆயிற்று. கால் கடுத்துவிட்டது. கடைசியில் மூன்று கிடைத்தன. மழையில் பாதை அறுந்துபோன மலை ஹோட்டலில் ஒரு கொலை. ஒரே ஓவியத்தை மூன்று பணக்காரர்களுக்கு விற்கிற அண்ணன் தங்கை. கப்பலில் பெட்டி மாறிப்போன ஒரு கிறுக்கு மாப்பிள்ளை. மூன்றையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, யாருக்கும் சந்தேகம் வராத இடமாக யோசித்து, வாஷிங் மெஷினுக்குள் ஒளித்தேன்.

நான் ஒன்று நினைக்கத் தெய்வம் ஒன்று நினைத்தது. என்றைக்கும் துணி துவைக்காத என் மாமியாருக்கு அன்றைக்கென்று பார்த்துத் தலையணை உறையைத் துவைக்கத் தோன்றியிருக்கிறது. நான் குளித்துவிட்டு வருகிறேன், மெஷின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மலை ஹோட்டலை மடியில் வைத்து, பின்பக்கத்திலிருந்து திறந்துகொண்டிருக்கிறார்.

"அத்தை! கீழ வைங்க!"

"ஏம்மா கத்தற? நான் ஒண்ணும் படிக்கலையே. கண்ணாடியே போடல பாரு."

உண்மைதான், கண்ணாடி போடவில்லை. ஆனால் என் மாமியார் கண்ணாடி இல்லாமலே எதிர்வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லக்கூடியவர். பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவரை ஐந்து நாள் கடற்கரையில் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தப் புத்தகங்களை எப்படிக் காப்பாற்றுவது? பூட்டி வைத்தால் சாவி கேட்பார். தலைக்கடியில் வைத்தால் தலையைத் தூக்கிப் பார்ப்பார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். ஊர் வாயைக்கூட மூடிவிடலாம், என் மாமியாரை அவர்களுக்குத் தெரியாது.

மறுநாள், பூட்டுப் போடுவதற்கு முந்தின நாள், மூன்றையும் பைண்டிங் கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். சாப்பாட்டு நேரத்தில் கத்தியை எடுத்தேன். பின் அட்டையைப் பசையிலிருந்து மெதுவாக உரித்து, கடைசி ஃபாரத்தின் நூலை மட்டும் அறுத்து, பதினாறு பக்கத்தையும் அலுங்காமல் வெளியே எடுத்தேன். மூன்று புத்தகத்துக்கும் அப்படியே. அட்டையைத் திரும்பவும் ஒட்டினேன். முடிவு மூன்றும் ஒரு பழுப்பு உறையில். எந்தப் புத்தகம் தீர்கிறதோ அதன் முடிவை நான் மட்டும் எடுத்துப் படித்துக்கொள்வேன். திரும்பி வந்ததும் தைத்துவிடலாம்.

கூடத்து மேஸ்திரி பார்த்துக்கொண்டே இருந்தார். "சேர்க்கிறதுக்குத்தான் இங்க கூலி. நீ பிரிக்கிறியே."

"உங்களுக்கு மாமியார் இருக்காங்களா அண்ணே?"

"ஊர்ல இருக்காங்க."

"அதான் பேசறீங்க."

உறையைப் பையில் அடியில் வைத்தேன். எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

கதவைத் திறந்தால் கடல் என்று ப்ரோக்கர் சொல்லியிருந்தான். கதவைத் திறந்தால் எதிரே சிமெண்ட் குடோன் சுவர். கடலுக்கு அந்தச் சுவரைச் சுற்றி, லாரிகளுக்கு நடுவில், நடையாய் நடக்க வேண்டும். மேலே மின்விசிறி மூச்சுத் திணறுகிறவர் மாதிரி சத்தம் போட்டது. குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. என் மாமியார் இடுப்பில் கையை வைத்து நின்றார். "வாயைத் திறந்தா பொய். இவனெல்லாம் நல்லா இருப்பானா? உள்ள தூக்கிப் போடணும் இவனை." வாழ்க்கையில் முதல் தடவையாக நானும் அவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனோம்.

முதல் நாள் கடற்கரையில் குடை நட்டு, பாய் விரித்து, காலை நனைத்துவிட்டு வரலாம் என்று போனேன். திரும்பி வந்தால் மாமியார் கையில் மலை ஹோட்டல். முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இதுக்குக் கடைசியே காணோமே. வாலறுந்த மாதிரி நிக்குது. கடைல ஏமாத்திட்டாங்களா?"

"இல்ல. நான்தான் வெட்டி எடுத்துட்டேன்."

"எதுக்கு?" கேட்டுவிட்டு அவருக்கே புரிந்துவிட்டது. "நான் படிச்சிடுவேன்னா?"

"பின்ன?"

ஒரு பதில் வரும், அதற்கு ஒரு பதில் சொல்லலாம் என்று தயாராக நின்றேன். வரவில்லை. புத்தகத்தின் மேலிருந்த மணலைத் தட்டி என் பக்கம் வைத்தார். "சரி" என்றார். அவ்வளவுதான்.

ஆஹா, அந்த இரண்டு நாள்! நான் படித்தேன் பாருங்கள், அதுதான் படிப்பு. பூட்டிய குளியலறையில் பெரியவர் செத்துக் கிடக்கிறார். பாதை அறுந்துவிட்டது, போலீஸ் வர முடியாது, அங்கே தங்கியிருக்கும் ஒருத்திதான் துப்பறிகிறாள். சமையல்காரர், மேனேஜர், பியானோ வாசிக்கும் மேனேஜரின் தங்கை, தேனிலவுக்கு வந்த ஜோடி. எல்லோர் மேலும் சந்தேகம். வெங்காய வாசனை இல்லை, பல் டாக்டர் இல்லை, குறுக்கே ஒரு குரல் இல்லை. ஒரே ஒரு தடவை தலை தூக்கினேன். என் வீட்டுக்காரர் முகத்தில் துண்டைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். மாமியார் கடலைப் பார்த்துக்கொண்டு, யாரிடம் என்றில்லாமல், "அந்தப் படகு திரும்பி வருது பாரு" என்றார். யாரும் பார்க்கவில்லை. நானும் பக்கத்தைத் திருப்பினேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அந்த இடத்துக்கு வந்துவிட்டேன். எல்லோரையும் ஹோட்டல் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, துப்பறிகிறவள் கதவைச் சாத்துகிறாள். "உங்களில் ஒருவர்தான்" என்கிறாள். பக்கம் முடிந்தது. புத்தகமும் முடிந்தது. பையின் அடியிலிருந்து பழுப்பு உறையை எடுத்துப் பிரித்தேன்.

வெள்ளை. சுத்த வெள்ளை. ஒரு எழுத்து இல்லை.

ஒரு வாடிக்கையாளருக்குக் காட்ட மாதிரிக்கு என்று கொஞ்சம் வெள்ளைத் தாளை மடித்து, அதே போன்ற ஒரு பழுப்பு உறையில் என் மேஜைமேல் வைத்திருந்தேன். அதை எடுத்து வந்திருக்கிறேன். முடிவு மூன்றும் கூடத்தில், என் மேஜைமேல், பூட்டுக்குள். ஆயிரம் கட்டுகளில் ஒரு படி தவறினால் பிடிக்கிறவள், ஒரு உறையைப் பிரித்துப் பார்க்கவில்லை! வாயில் வராத வார்த்தை எல்லாம் வந்தது, எல்லாம் எனக்குத்தான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சும்மாவா சொன்னார்கள்? மேஸ்திரிக்கு போன் செய்தால், மெஷின் வேலை நேற்றே முடிந்துவிட்டதாம், சாவி முதலாளியிடம், முதலாளி ஊரில் இல்லை.

என் வீட்டுக்காரர் துண்டை விலக்கி, "போன்ல தேடு" என்றார்.

தேடினேன். அந்தப் புத்தகத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருந்தார்கள். எல்லோரும் உத்தமர்கள். 'முடிவைச் சொல்லிவிட்டால் பாவம், நீங்களே படியுங்கள்' என்று ஒருவர். 'அந்தக் கடைசித் திருப்பம், அடடா, சொல்ல மாட்டேன்' என்று இன்னொருவர். உலகத்தில் ஒரு ஜீவன் முடிவைச் சொல்லவில்லை. உலகம் முழுக்க நல்லவர்களாக இருக்கிறார்கள், என் மாமியாரைத் தவிர.

என் மாமியாரைத் தவிர.

திரும்பிப் பார்த்தேன். குடை நிழலில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய் இதைக் கேட்பதற்குக் கடலில் இறங்கிவிடலாம். ஆனால் ஒரு பெண்ணை, கதவைச் சாத்திவிட்டு "உங்களில் ஒருவர்தான்" என்று சொன்ன நிலையில் எத்தனை நாள் நிற்க வைப்பது? ரோஷத்தை மணலில் புதைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அத்தை."

"ம்."

"அன்னிக்கு வாஷிங் மெஷின்கிட்ட... நிஜமாவே படிக்கலையா நீங்க?"

சுளையின் நாரை ஒவ்வொன்றாக இழுத்தார். "படிச்சிருந்தா நல்லதா, படிக்கலன்னா நல்லதா உனக்கு?"

"படிச்சிருந்தாத்தான் நல்லது. யார் கொன்னது?"

"நீயா கேக்கற?"

"நான்தான் கேக்கறேன்."

"இன்னொரு தடவை கேளு."

பல்லைக் கடித்தேன். "யார் கொன்னது அத்தை?"

சுளையை வாயில் போட்டு, மென்று, விழுங்கினார். "ப்ரோக்கர்."

"எந்த ப்ரோக்கர்?"

"வீட்டு ப்ரோக்கர்தான். வாயைத் திறந்தா பொய், அப்பவே நினைச்சேன் நான். அவன்தான் பின்பக்கமா வந்து..."

"அத்தை, இந்தக் கதைல ப்ரோக்கரே கிடையாது."

"இருப்பான். நீ சரியா பார்த்திருக்க மாட்ட."

"கடைசிப் பதினாறு பக்கம் தவிர ஒரு வரி விடாம படிச்சிருக்கேன். பாதை அறுந்து போச்சு. வெளில இருந்து ஒரு ஈ உள்ள வர முடியாது. ப்ரோக்கர் எங்கேருந்து வருவான்?"

கையிலிருந்த ஆரஞ்சு அப்படியே நின்றது. அவர் கண்ணில் அப்படி ஒரு திருட்டு முழியை நான் பார்த்ததே இல்லை. எனக்கு மெல்ல மெல்ல மண்டையில் ஏறியது. ப்ரோக்கர். இவருக்கு இந்த வாரம் யார்மேல் கோபம்? ப்ரோக்கர்மேல். பல் டாக்டர் கொலை செய்தது எப்போது? இவருக்கு வலிக்கிற பல்லை விட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கிய வாரம். தையல்காரர்? ஜன்னல் திரையைக் கட்டையாகத் தைத்துக் கொடுத்த வாரம். மாடியில் குடியிருந்தவர் ராத்திரியெல்லாம் கட்டிலை நகர்த்தினார். பாங்க் காசாளர் இவரை மூன்று தடவை வரிசையில் நிற்க வைத்தார்.

"அத்தை! எல்லாமே புளுகா?"

"புளுகுன்னு ஏன் சொல்ற?"

"நான் முப்பது பக்கம்தானே படிச்சிருப்பேன், கதைல தையல்காரர் வருவாரா மாட்டாரான்னு எனக்கு எப்படித் தெரியும்? நம்பி மூடி எறிஞ்சேனே! ஒண்ணு ரெண்டா? அலமாரி மேல அத்தனையும் பாதில கிடக்குதே!"

"மூடச் சொல்லி நான் சொன்னேனா? நீயா மூடின," என்றார் என் மாமியார். மாட்டிக்கொண்டால் எகிறுவது அவர் வழக்கம். "கடைசிப் பக்கத்துல என்னம்மா இருக்கு? எந்தப் புக்கை எடுத்தாலும் கடைசிப் பக்கத்துல மழை விட்டுடும், எல்லாரும் உக்காந்து காபி குடிப்பாங்க. கொன்னவன் பேரை எவன் அங்க எழுதறான்? நானும் ஒவ்வொரு புக்கா பார்த்துட்டேன்."

"அப்புறம் எதுக்கு அப்படிச் சொன்னீங்க? என்னைப் பார்த்தா உங்களுக்கு எப்படி இருக்கு?"

"புக்கை எடுத்தா நீ வீட்ல இருக்க மாட்டேங்கற." சட்டென்று குரல் இறங்கியது. "கூப்பிட்டா 'ம்'. கேட்டா 'ம்'. என் பையன் வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும். நான் சுவரோட பேசறதா? அப்படி ஒண்ணு எடுத்து விட்டா நீ புக்கை மூடுவ. கத்துவ. நானும் பதிலுக்குக் கத்துவேன். பொழுது நல்லா போகும்."

நல்லா போகும்! எனக்குக் கண் இருட்டியது. "பேசணும்னா பேசணும்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். 'இந்த அத்தியாயம் முடியட்டும் அத்தை'ன்ன."

சொல்லியிருக்கிறேன். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கோபம் வேறு, பதில் இல்லாத கோபம் வேறு. எழுந்து தண்ணீர்வரை விறுவிறுவென்று நடந்தேன். கால் நனைந்ததும் திரும்பி வந்தேன். எங்கே போய் முட்டிக்கொள்வது, அந்தப் பக்கம் முழுக்கக் கடல்.

நான் வந்து உட்கார்ந்ததும் அவர் பாதி ஆரஞ்சை நீட்டினார். "அப்படி என்னதான் கதை அது?"

"உங்களுக்கு எதுக்கு?"

"ப்ரோக்கர் இல்லன்னா வேற யாரு? தெரிய வேணாமா?"

சொல்ல ஆரம்பித்தேன். சொல்ல விட்டால்தானே! பெரியவர் குளியலறையில் செத்துக் கிடந்தார் என்றால், அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்ததா, இங்கே மாதிரியா என்று கேட்டார். மேனேஜரின் தங்கை பியானோ வாசித்தாள் என்றால், வேலை வெட்டி இல்லையா அவளுக்கு என்றார். தேனிலவு ஜோடி அறையை விட்டு வெளியே வரவில்லை என்றதும், "அது இருக்கட்டும், சமையல்காரனைச் சொல்லு" என்று தள்ளினார். "வாயால சொல்லாத, படி" என்றார் பிறகு. முதல் பக்கத்திலிருந்து. உரக்க. ஏற்கெனவே படித்த புத்தகத்தை, காற்று எதிரே அடிக்க, ஒரு வரிக்கு இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு, லீவின் மிச்ச நாள் முழுக்கப் படித்தேன். ஓவியத் திருடர்களும் கப்பல் மாப்பிள்ளையும் பையைவிட்டு வெளியே வரவே இல்லை. நடுவில் ஒரு நாள் துண்டுக்கு அடியிலிருந்து என் வீட்டுக்காரர், "அந்த ஹோட்டல்ல லிஃப்ட் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு. ஏன்?"

"அப்ப லிஃப்ட்டைப் பார்க்கணும்," என்றார். திரும்பத் தூங்கிவிட்டார்.

என் சந்தேகம் சமையல்காரர்மேல். மாமியாருக்கு மேனேஜர். "பல்லைக் காட்டற ஆளு, நல்லவனா இருக்க மாட்டான்." ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் இதே சண்டை. பஸ்ஸில் முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். "யாருங்க அந்த மேனேஜர்?" என்று கேட்டேவிட்டார்.

கூடம் திறந்த அன்று முதல் ஆளாகப் போய் நின்றேன். பழுப்பு உறை மேஜைமேல் வைத்த இடத்தில் இருந்தது. இந்தத் தடவை பிரித்துப் பார்த்தேன். மூன்று ஃபாரம், எழுத்தோடு. சாப்பாட்டு நேரம் வந்ததும் ஒரு மூலையில் போய் உட்கார்ந்தேன். மாமியார் வீட்டில். வீட்டுக்காரர் வேலையில். மெஷின்கள் ஓய்ந்திருக்கின்றன. இதைவிட நல்ல நேரம் இந்த ஜன்மத்தில் வராது. முதல் வரியைப் படித்தேன். 'அவள் மேனேஜரின் பக்கம் திரும்பினாள்.'

பார்த்தியா, நான் சொன்னேன்ல, என்று ஒரு குரல் வர வேண்டும். வரவில்லை. இரண்டாவது வரியைப் படித்தேன். எரிச்சலாக வந்தது. இத்தனை வருஷம் எதற்காக உயிரை விட்டேனோ அது மடியில் கிடக்கிறது, படிக்க முடியவில்லை! குறுக்கே பேச ஆள் இல்லை என்று கை ஓடவில்லை! கெடுத்து வைத்திருக்கிறார் பாருங்கள் என்னை. உறையை மூடிப் பையில் வைத்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். சாப்பாடும் இறங்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், ஹாலில் விளக்குக்கு அடியில் இரண்டு நாற்காலி போட்டிருந்தது. மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கொண்டு வந்தியா? வழில படிச்சிட்டியா? முகத்தைக் காட்டு."

"படிக்கல."

"நிஜமா?"

"ரெண்டு வரி."

"அந்த ரெண்டு வரியையும் சேர்த்துப் படி."

படித்தேன். துப்பறிகிறவள் ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தாள். மேனேஜர் கழிந்தபோது மாமியார் உதட்டைச் சுழித்தார். சமையல்காரர் கழிந்தபோது நான் நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். லிஃப்ட்டைப் பற்றி ஒரு பத்தி வந்தது. உள்ளறையிலிருந்த என் வீட்டுக்காரர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்களுக்குப் பக்கத்தில் போட்டார். கொன்றது தேனிலவுக்கு வந்த புதுப்பெண். செத்துப்போன பெரியவர் வீட்டைவிட்டுத் துரத்திய மகனைக் கட்டியவள். அதாவது, மருமகள்.

நிறுத்தினேன். மாமியார் என்னைப் பார்த்தார். நான் மாமியாரைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

"மருமகளா!" என்றார் மாமியார். "அடப்பாவமே, இது எனக்குத் தோணவே இல்லையே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பல் டாக்டர் கொன்றிருக்கிறான், தையல்காரர் கொன்றிருக்கிறார், மாடி வீட்டுக்காரர் கொன்றிருக்கிறார். எனக்கும் இவருக்கும் நடக்காத சண்டையா? பாத்திரம் பறக்காதது ஒன்றுதான் பாக்கி.

"ஏன் அத்தை, இத்தனை கதைல ஒரு தடவைகூட மருமகள்தான் கொன்னான்னு நீங்க சொன்னதே இல்லையே. என்மேல கோவம் வராமலா இருந்துது?"

"ஏன் வராம? தினம் வரும்," என்றார். "உன்மேல வர்ற கோவத்தை உன்கிட்டயே கத்தித் தீர்த்துடறேனே. அதுக்கு எதுக்கு ஒரு கொலை?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவரிடம் காட்டினால் அதற்கும் ஒரு பேச்சு வரும். குனிந்து மிச்சத்தைப் படித்தேன். கடைசிப் பக்கம். மழை விட்டுவிட்டது. பாதையைச் சரி செய்துவிட்டார்கள். எல்லோரும் வராந்தாவில் உட்கார்ந்து காபி குடித்தார்கள்.

"பார்த்தியா! பார்த்தியா!" என்று தொடையைத் தட்டினார் மாமியார். "நான் சொன்னேனா இல்லையா?"

முடிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு நான் முடித்த முதல் மர்ம நாவல். பதினாறு பக்கத்தையும் நுனி தட்டி அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாளைக்குத் தைக்க வேண்டும்.

"ஏம்மா," என்றார் மாமியார். அலமாரியின் மேல்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தத் தையல்காரர் புக் அங்கதானே இருக்கு? எடு. பாவம், அவன் கொன்னானா இல்லையான்னு பார்த்துடுவோம்."

முக்காலியைப் போட்டு ஏறினேன். ஒரு விரல் தடிமனுக்குத் தூசி. நான் பாதியில் விட்ட பக்கத்தில் வைத்த பஸ் டிக்கெட் அப்படியே இருந்தது.

"குறுக்கப் பேசக் கூடாது அத்தை. இப்பவே சொல்லிட்டேன்."

"நான் எப்ப பேசினேன்?" என்றார் என் மாமியார். "முதல்லேருந்து படி."